பாயை யார் கொண்டுபோய் விடுவது?

போத்தனூர் இல்யாஸுக்கு வாய் சும்மா இருக்காது. காரில் ஏறியவர் யாராக இருந்தாலும் சரி, எந்த ஊர், என்ன தொழில் என்று விசாரித்து முடித்து, அவிநாசி ரோட்டில் ஏறுவதற்குள் தன் கேள்விக்கு வந்துவிடுவார்: "உங்க ஊர்ல குடிச்சவங்கள என்னங்க பண்றாங்க?"

இத்தனைக்கும் மனிதர் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை. தொழில் ஆக்டிங் டிரைவர். சொந்தமாகக் கார் இருந்தும் ஓட்ட ஆள் இல்லாதவர்கள் கூப்பிட்டால் போய் அவர்கள் காரை ஓட்டிக் கொடுப்பார். குடிக்காத டிரைவர் என்று பேர் ஆனதுதான் தாமதம், குடிக்கிறவர்கள் எல்லாரும் அவரையே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூத்தைப் பாருங்கள்! "தொழுகைக்குப் போயிட்டு வந்து குடிகாரர் பேச்சுப் பேசற ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தருதான்" என்று மனைவி சபுரா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் அது வெறும் வம்பு இல்லை. பின்சீட்டில் சரிந்து கிடப்பவர்களைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவருக்குள் ஒரு அரிப்பு. உலகம் பூராவும் குடிக்கிறார்கள். எங்காவது ஒரு ஊர்க்காரன் இதற்கு வழி கண்டுபிடித்திருக்க மாட்டானா? மில் மெஷின் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டி வரும்போது, தனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு குடைந்து எடுப்பார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு அம்மா, தங்கள் ஊரில் இன்ன விலைக்குக் கீழே சரக்கை விற்கவே கூடாது என்று சட்டம் போட்டிருப்பதாகச் சொன்னார். சுவீடன்காரர் ஒருவர், அங்கேயும் கடை அரசாங்கத்துடையதுதான் என்றார். இல்யாஸுக்கு ஒரே குஷி.

"அட, நம்மளாட்டவேதானா!"

"ஆனால் சனிக்கிழமை மத்தியானமே பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பதே கிடையாது."

"ஞாயித்துக்கிழமையா! அப்புறம் கெடா விருந்துக்கு என்னங்க பண்ணுவாங்க?" என்று இல்யாஸ் பதறினார்.

கெடா விருந்து என்றால் சும்மாவா! குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டிச் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுப் போடுகிற சாப்பாடு. பெண்கள் கோயில் பக்கம் இருக்க, ஆண்கள் நைசாகப் பின்னால் இருக்கும் தென்னந்தோப்புக்கு நகர்ந்துவிடுவார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஆளாளுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்படிக் கிளம்பிய ஒருவர்தான் போன வருசம் மெயின் ரோட்டில் லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்த கதிர்.

கதிரின் அக்கா மகள் அக்ஷிதா. கருமத்தம்பட்டிக்கு உள்ளே, தோட்டத்து வீடு. அப்பா நஞ்சுண்டன் தறி ஓட்டுகிறவர். மாமா போன பிறகு அவள்தான் யாரிடமோ நம்பர் வாங்கி இல்யாஸைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அப்பாவைக் குடிக்க வேண்டாம்னு சொல்லிப் பார்த்துட்டனுங்க. கேக்கறதில்லை. விருந்துன்னா நீங்க வந்து வண்டி ஓட்டுங்க. எங்கப்பா குடிச்சுப்போட்டு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. எனக்கு அது ஒண்ணு போதும்."

"என்ற பொறுப்பு அம்மணி" என்றார் இல்யாஸ்.

முதல் விருந்தன்று தோப்பிலிருந்து நஞ்சுண்டனைக் கைத்தாங்கலாக ஏற்றி, பத்திரமாக வீட்டு வாசலில் இறக்கி, சாவியைக் கையில் கொடுத்தார். "வாரனுங்க அண்ணா" என்று திரும்பினால், நஞ்சுண்டன் விடவில்லை. கொங்குக்காரர் மரியாதை தெரியும்தானே? போதை ஏற ஏற இன்னும் ரெண்டு 'ங்க' கூடும்.

"ஏனுங்க பாய், எங்க போறீங்க? பஸ் ஸ்டாப்பு எத்தனை தூரம்? இந்த வெய்யில்ல நடக்கறதா? என்ற ஊட்டுக்கு வந்த மனுசனை நடக்க உட்டா ஊருல என்னைய என்னன்னு பேசுவாங்க? ஏறுங்க ஏறுங்க!"

இல்யாஸ் வேண்டாம் என்றார். நஞ்சுண்டன் முகம் வாடிப்போயிற்று. சங்கடம் தாங்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டார். கார் ஆடி அசைந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தது. பெரிய கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார் நஞ்சுண்டன். பஸ் கிளம்பி ஜன்னல் காற்று முகத்தில் பட்ட பிறகுதான் இல்யாஸுக்கு உறைத்தது. அடப்பாவி! எந்த ஆள் ஓட்டக்கூடாது என்று நான் வந்தேனோ, அந்த ஆளையே என்னை விடுவதற்கு ஓட்ட வைத்துவிட்டு வருகிறேனே!

அடுத்த விருந்தில் உஷாராகத்தான் போனார். சாவியைக் கொடுத்த கையோடு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். பின்னாலேயே கார் வந்தது. "பாய், கோவமுங்களா? ஏறுங்க" என்று அழாத குறை. அன்றைக்கும் ஏறித் தொலைத்தார். வீட்டுக்கு வந்து வாய் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"பாய், பத்திரமா வந்து சேர்ந்துட்டீங்களா?"

"வந்துட்டனுங்கண்ணா. நீங்க?"

"நானுங்களா? காரு வாய்க்காலுக்குள்ள எறங்கிப்போச்சுங்க. ஒண்ணும் பயமில்ல, தலையில லேசா காயம். நீங்க போய்ச் சேர்ந்தீங்களோ என்னமோன்னுதான் கூப்பிட்டனுங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நாடு நாடாகக் கேட்டு வைத்த சட்டமெல்லாம் ஞாபகம் வந்தது. விலையை ஏற்றலாம், கடையைப் பூட்டலாம், வாயில் மெஷினை வைத்து ஊதச் சொல்லலாம். நம் ஊர்க்காரரின் இந்த மரியாதையை என்ன செய்வது? இதற்கு எந்தச் சட்டத்திலும் இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த வாரமே ஒரு ஜப்பான் இன்ஜினியர் காரில் ஏறினார். இல்யாஸ் வழக்கமான கேள்வியை விட்டுவிட்டுப் புதுக் கேள்வி போட்டார். "குடிச்சவரைக் கொண்டுபோய் உட்டுட்டு, அந்த டிரைவர் எப்படிங்க திரும்பிப் போவாரு?"

இன்ஜினியர் இரண்டு விரலைக் காட்டினார். அங்கே கூப்பிட்டால் இரண்டு பேர் வருவார்களாம். ஒருவர் குடித்தவரின் காரை ஓட்டுவார். இன்னொருவர் தங்கள் காரில் பின்னாலேயே வந்து, விட்டு முடித்தவரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இல்யாஸ் ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார். இதல்லவா மூளை!

அன்றைக்கே கருமத்தம்பட்டிக்குப் போய் அக்ஷிதாவிடம் நடந்ததை மறைக்காமல் ஒப்புவித்தார். அவள் முகம் சுண்டிப்போனது. "வாய்க்கால்ல உட்டது நாய் குறுக்க வந்ததாலன்னு சொன்னாரு" என்றாள்.

"இனிமே ரெண்டு பேரா வாரோம் அம்மணி. என்ற கூட்டாளி ஷேக் பரீத்தைக் கேட்டிருக்கறேன். ஜப்பான்ல அப்படித்தானாமாங்க."

அக்ஷிதா வேண்டாம் என்று தலையாட்டினாள். "ஏனுங்கண்ணா, ரெண்டாவது ஆளு இந்த ஊட்லயே இருக்கறேன். லைசென்ஸ் எடுத்து வெச்சிருக்கறேன். வண்டிய நான் ஓட்டறேன்னு அப்பாகிட்டச் சொன்னா, பொம்பளப் புள்ள எதுக்குன்னு சாவியைத் தரமாட்டேங்கறாரு. ஊர் ஊராக் கேட்டீங்களே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இல்யாஸின் வாய் அடைத்துப் போனதை அன்றைக்கு சபுரா பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த விருந்து முடிந்து வாசலில் கார் நின்றது. நஞ்சுண்டன் இறங்கி வழக்கம்போலச் சாவிக்குக் கை நீட்டினார். இல்யாஸ் அதை அக்ஷிதா கையில் கொடுத்தார்.

"என்னங்க பாய் இது? அவ எதுக்கு?"

"அண்ணாவை நடக்க உடலாமுங்களாப்பா?" என்றாள் அக்ஷிதா. "ஊருல என்ன பேசுவாங்க?"

தன் சொல்லாலேயே மாட்டிக்கொண்ட நஞ்சுண்டன் கையை மடக்கிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்றுதான் இல்யாஸ் நினைத்தார். ஆனால் நஞ்சுண்டன் மகள் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கு உன்ற மாமன் நேரா அவனூட்டுக்குப் போகல, கண்ணு. என்னைய வண்டியில வெச்சுக் கூட்டியாந்து, இதே எடத்துல எறக்கி உட்டுட்டுத்தான் போனான். பாத்து எறங்குங்க மாமான்னு சொன்னான். நீ எப்படிடா போவேன்னு நான் கேக்கவே இல்ல."

அக்ஷிதா இதுவரை கேட்டறியாத சேதி. அவள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த அம்மாவும் நிலைப்படியில் நின்றுவிட்டாள். விட வந்த மனிதனை நடக்க விடாத அந்த மரியாதைக்கு அர்த்தம் இல்யாஸுக்கு இப்போதுதான் புரிந்தது.

"பாயை உட்டுட்டு நீ எப்படி வருவ?" என்றார் நஞ்சுண்டன்.

"நானே ஓட்டிட்டு வந்துருவனுங்கப்பா."

"மெதுவா வா. கேட்டைத் தொறந்தே வெச்சிருக்கறேன்."

அக்ஷிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாக ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இல்யாஸ் பஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த சிறிது நேரத்தில் போன் அடித்தது.

"பாய்," என்றார் நஞ்சுண்டன், "பாப்பா வந்து சேர்ந்துருச்சுங்க."