தட்டில் இருந்த கற்கண்டு

என் அக்கா வீட்டில் சர்க்கரை கிடையாது. அத்தானுக்கு நீரிழிவு என்று டாக்டர் சொன்ன வாரமே அக்கா சர்க்கரை டப்பாவைக் கழுவி அதில் உளுந்தைக் கொட்டிவிட்டாள். பிறகு வெல்லம் போனது, தேன் போனது, பிஸ்கட் போனது. மேற்கு மாம்பலத்தில் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் காப்பிக்குச் சர்க்கரை கேட்டால் சிறிய காகிதப் பொட்டலம் ஒன்று வரும். அதில் இருக்கும் பொடி இனிக்கும். ஆனால் சர்க்கரை அல்ல.

அத்தானுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். சரக்கு உள்ளே வந்தால் சரக்கு வெளியே போயாக வேண்டும் என்பது கடையில் அவர் வைத்திருக்கும் ஒழுங்கு. உடம்பையும் அப்படித்தான் நடத்தினார். கல்யாண வீட்டில் பாயசம் குடித்தால் சாதத்தை ஒதுக்குவார். பொங்கலுக்கு இனிப்பு சாப்பிட்டால் ராத்திரி இட்லி கிடையாது. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்' என்பார்.

குடிப்பதிலும் அதே ஒழுங்கு. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாறில் ஒரு நண்பர் வீட்டில், இரண்டு பெக் விஸ்கி. மூன்றாவது கிடையாது. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் குடித்தார். நானும் அன்று கூடப் போயிருந்தேன். "குடிக்காம இருந்தா நல்லது. குடிச்சே ஆகணும்னா கொஞ்சமா, சாப்பாட்டோட" என்றார் டாக்டர். கொஞ்சமா என்பதை அத்தான் கேட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த சொல்லைக் கேட்டதாகத் தெரியவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிறு மாலை, அக்கா மகளுக்குப் பூ வைக்க வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டுகளோடு வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. மாப்பிள்ளை வெளியூரில் வேலையில் இருந்தான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் உறவுப் பெண்கள் சிலரும் திருவான்மியூரிலிருந்து வர வேண்டும். அவர்களுக்கு அங்கே பாத்திரக்கடை. அந்த வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்பதைத் தரகர் இரண்டு முறை சொல்லியிருந்தார். அக்கா அதைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு மட்டும் அடையாறுக்குப் போகாதீங்க" என்று காலையில் அத்தானிடம் சொன்னாள்.

"சிநேகிதனை அழைச்சுட்டு வந்துருதேன். அவன் இல்லாம எப்படி?" என்று கிளம்பினார்.

நண்பர் வரவில்லை. அத்தான் மட்டும் மதியம் திரும்பினார். வாயில் பாக்கு மணத்தது. அதற்கு அடியில் விஸ்கி. அக்கா இலையைப் போட்டாள்.

"சோறு வேண்டாம்."

"ஏன்?"

"அங்க கொஞ்சம் ஆச்சு. அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுதேன்."

சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரையை மட்டும் தண்ணீர் ஊற்றி விழுங்கினார். சாப்பாடு இல்லாவிட்டாலும் மாத்திரையைத் தவறவிட மாட்டார். அக்கா அந்த இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அன்று கோபம் ஒன்றுதான் தெரிந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அவர் எழுந்து வந்தார். வேட்டியைக் கட்டத் தெரியவில்லை. முனையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். அக்கா ஏதோ சொன்னாள். அவர் பதிலுக்கு ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நடுவிலேயே விட்டுவிட்டு, சுவரில் கைவைத்து நடந்தார்.

"ரெண்டு பெக்குன்னு சொல்லிட்டு எத்தனை ஊத்தியிருக்காரு பாரு" என்றாள் அக்கா என்னிடம். "ஏட்டி, உள்ள படுக்க வை. கதவைச் சாத்து. தலைவலின்னு சொல்லிக்கிடுவோம். குடிகாரன் வீடுன்னு பேர் வந்துட்டா இந்தப் பிள்ளைக்கு இன்னொரு எடம் அமையாது."

கீழே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. நான் அவரைப் படுக்கையறைக்குக் கொண்டுபோனேன். அவர் கட்டிலில் சாய்ந்ததும் கதவைச் சாத்தினேன்.

கூடத்தில் நாற்காலிகள் இழுபட்டன. "வாங்க, வாங்க." அக்காவின் குரல் இப்போது வேறு குரல். தட்டுகள் மேசையில் வைக்கப்படும் ஓசை வரிசையாகக் கேட்டது.

நான் அறையிலேயே நின்றேன். பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்தும் வேலையில் இருந்தவள் நான். யாராவது ஒன்றை இதுதான் என்று சொன்னால் மறுபடி பார்ப்பது பழக்கம். மூக்குக்குக் கிடைத்தது விஸ்கி வாசனை. ஆனால் மின்விசிறி சுழலும் அறையில் அவருடைய பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. கையைத் தொட்டேன். சில்லென்று, ஈரமாக இருந்தது. விரல்கள் நடுங்கின. குடித்து மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இப்படிக் குளிர்ந்து கிடந்ததில்லை.

கதவு திறந்தது. பட்டுப்புடவையில் அக்கா மகள்.

"சித்தி, அப்பா எப்படி இருக்காரு?"

"சுகர் பாக்குற மெஷின் எங்க?"

அலமாரியிலிருந்து எடுத்தாள். அவள்தான் விரலில் குத்தினாள், அவளுக்குப் பழக்கம். திரையில் நாற்பத்தொன்று என்று வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். எப்போதும் இருநூறைத் தாண்டக் கூடாதே என்றுதான் அந்த வீட்டில் அந்த மெஷினைப் பார்ப்பார்கள்.

"இது தப்பா காட்டுதா?" என்றாள்.

"இல்ல. சர்க்கரை வேணும். உடனே."

அவள் என்னையே பார்த்தாள். "நம்ம வீட்ல சர்க்கரை ஏது சித்தி?"

கடை தெருமுனையில் இருந்தது. ஞாயிறு மாலை, திறந்திருக்குமா தெரியாது. மாப்பிள்ளை வீட்டாருக்காக வாங்கிய இனிப்பு கூடத்து மேசையில் இருந்தது; ஆனால் மென்று தின்கிற நிலையில் அவர் இல்லை. நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். வரிசையாகத் தட்டுகள். பூ, பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம். கடைசித் தட்டில் கண்ணாடிக் கிண்ணம் நிறையக் கற்கண்டு. சின்னச் சின்னப் பரல்கள். தண்ணீரில் கரைத்துவிடலாம்.

அது அவர்கள் கொண்டுவந்த தட்டு. இரு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொள்வதற்கு முன் பெண் வீட்டார் அதில் கைவைக்கக் கூடாது. பூ வைக்க வந்த தட்டில் பாதியில் கைவைப்பது என்றால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கிண்ணத்தின் மேல் கையை வைத்தேன்.

"யாருக்குங்க?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல" என்று அக்கா முந்திக்கொண்டாள். "அவருக்குத் தலைவலி. இவ ஏதோ…" என்று என் முழங்கையைப் பிடித்தாள். பிடி இறுகியது. சிரித்துக்கொண்டேதான் பிடித்திருந்தாள்.

"விடு அக்கா."

"நீ உள்ள போ."

படுக்கையறை வாசலில் அக்கா மகள் வந்து நின்றாள். தலை நிமிர்ந்திருந்தது, கண்ணில் மை கரைந்திருந்தது.

"அப்பாவுக்குச் சுகர் ரொம்ப இறங்கிடுச்சு" என்றாள். "மத்தியானம் ரெண்டு பெக் குடிச்சாரு. அதுக்காகச் சாப்பிடாம மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டாரு. எங்க வீட்ல சர்க்கரை இல்ல. அந்தக் கற்கண்டு வேணும்."

அக்காவின் கை என் முழங்கையிலிருந்து விழுந்தது. உறவுப் பெண் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "குடிச்சா சுகர் ஏறும்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்?"

"நீங்க அப்புறமா நெனைங்க" என்றார் அவர் மனைவி. கிண்ணத்தைத் தட்டிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். "கரைய நேரமாகும். மிக்ஸியில போடு."

சமையலறையில் மிக்ஸி அலறியது. பொடியை வெந்நீரில் கலக்கினேன். அக்கா அத்தானின் முதுகைத் தாங்கி உட்கார வைத்தாள். "முழுங்குங்க. என்னைப் பாருங்க. முழுங்குங்க." முதல் வாய் தாடையில் வழிந்தது. அடுத்தது உள்ளே போனது. தொண்டை அசைவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டம்ளர் காலியான சிறிது நேரத்துக்குப் பிறகு அவர் கண் ஒரு இடத்தில் நின்றது.

"எதுக்கு எல்லாரும் இங்க நிக்கீய?" என்றார்.

அக்கா புடவைத் தலைப்பால் அவர் தாடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டுக் காரிலேயே மருத்துவமனைக்குப் போனோம். அவர் கண் திறந்ததோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தது தவறு. அங்கே போனதும் மறுபடி இறங்கியது. இரவு முழுவதும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பணியில் இருந்த மருத்துவர் அக்காவுக்குப் பொறுமையாக விளக்கினார். வயிறு காலியாக இருந்தால் கல்லீரல்தான் ரத்தத்துக்குச் சர்க்கரை விடும். உள்ளே மது இருந்தால் அந்த வேலை தடைப்படும். மாத்திரையோ இருக்கிற சர்க்கரையையும் இறக்கிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்குப் போதை மாதிரி இருக்கும். தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

"கதவைச் சாத்தச் சொன்னேன்" என்றாள் அக்கா. மருத்துவரிடம் அல்ல, யாரிடமும் அல்ல.

மறுநாள் காலையில் அத்தான் கேட்ட முதல் கேள்வி, "பூ வச்சாச்சா?"

"கற்கண்டு பூராவும் குடிச்சிட்டீய. எப்படி வைக்கிறதாம்?" என்றாள் அக்கா.

அடுத்த சில நாட்கள் திருவான்மியூரிலிருந்து போன் வரவில்லை. ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் அக்கா எழுந்து போய்ப் பெயரைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு ஒரு மதியம் மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டார். சுகர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மாத்திரையைக் குறைத்திருக்கிறார்களா என்று கேட்டார். கடைசியில், "பிள்ளை உண்மையைச் சொல்லிச்சு. நீங்க தலைவலின்னீங்க" என்றார். அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள். "வர்ற வெள்ளிக்கிழமை நல்லா இருக்கு" என்று அவரே முடித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். இந்த முறை தட்டில் கற்கண்டு இரண்டு கிண்ணம். "ஒண்ணு சம்பந்திக்கு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. யாரும் சிரிப்பதற்கு முன் அவர் மனைவி அவரைப் பார்த்தார். பூ வைத்தார்கள்.

இப்போது அக்கா வீட்டில் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பாட்டில் சர்க்கரை இருக்கிறது. எறும்பு வருகிறது, துடைக்கிறாள், பாட்டிலை மட்டும் நகர்த்துவதில்லை. அத்தான் அடையாறுக்கு இன்னும் போகிறார், எப்போதாவது. போவதற்கு முன் அக்கா இலை போடுகிறாள். அவர் சோற்றைப் பிசைந்து கடைசிக் கவளத்தையும் உண்ணும்வரை எதிரே நின்று, அவருடைய தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.