அம்சவேணிக்கு வார்த்த பலகை

ஈரச் சிமெண்டைக் கண்டால் கொத்து வேலை செய்யும் தனசேகருக்குக் கை சும்மா இருக்காது. கல்யாணமான நாளிலிருந்து மனைவி அம்சவேணி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்: யார் வீட்டு வேலையானாலும், காயும் முன்பே நகத்தால் கீறிப் பார்ப்பார். நிம்மதியாக உட்கார்ந்து ஒரு டீ குடிக்கவும் அவரால் முடியாது.

பாரிவாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த நிவேதிதா, தோட்டத்தில் கறி சுடும் கிரில் அடுப்பை வைக்க அவரிடம் கான்கிரீட் மேசை கேட்டாள். அவர் இரும்புக் கால்களை வெல்டிங் வைத்து, கம்பி கட்டி, மேல்பலகையை வார்த்தார். ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி விட்டுவைக்க வேண்டும். அவரோ மறுநாளே அச்சைப் பிரித்துத் தூக்கினார். பலகை நடுவில் பிளந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே அங்கே விருந்து; புதிதாக வார்த்துக் காயவைக்க நாள் இல்லை.

அதே அளவில் இன்னொரு பலகை வீட்டுக்குப் பின்னால் இறுகிக் கிடந்தது. அம்சவேணியின் மீன் வறுவல் கடையில், ஆடும் பெஞ்சின்மேல் எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறதே என்று அவளுக்காக வார்த்தது. வேலை மும்முரத்தில் அதை அவர் மறந்துபோனதால்தான் முழுசாக இருந்தது.

"அம்சா, இத்த எட்துக்கினு போறேன். உனக்கு அடுத்த வாரமே வேற போட்டுத் தரேன்."

"யோவ், ஒரு வாரம் சும்மா குந்திக்கினு இருக்க உன்னால ஆவுமா?"

கேட்டுவிட்டு அவளே மறுமுனையைத் தூக்கினாள். யாரிடமும் அவர் தலைகுனிந்து நிற்பதை அவளால் பார்க்க முடியாது.

அதன் பிறகு அம்பத்தூர், ஆவடி என்று ஓடி ஓடி எத்தனையோ மேசை போட்டுவிட்டார். பெண்டாட்டிக்குத் தரவேண்டிய பலகை மட்டும் இன்னும் பாக்கி.