பின் சக்கரமும் அத்தையும்

எங்கள் காரின் பின் டயர் தேய்வதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என் அத்தைதான் காரணமாக இருந்தாள். தீர்ப்புச் சொன்னவர் அப்பா. சாட்சி நான். அத்தைக்கு மட்டும் விஷயம் தெரியாது.

அப்பாவுக்கு ஆரணியில் மூன்று பட்டுத் தறிகள். எனக்கு எட்டு வயதானபோது, வேலூர் டாக்டர் ஒருவர் விற்ற பழைய வெள்ளைக் காரை வாங்கினார். ஞாயிறுதோறும் தன் அக்காவை, அதாவது என் அத்தையை, அதில் சேத்துப்பட்டுக்கு அழைத்துப்போவார். அங்கே கட்டிக்கொடுத்திருந்த அவள் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. சின்ன வயதில் அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் அத்தை. கனத்த உடம்பு, போதாததற்கு முட்டி வலி. இடப்பக்கக் கதவைத் திறந்து பின்சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தால் அங்கேயேதான். தள்ளி உட்காரச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் கிடையாது.

தேய்ந்ததும் இடப்பக்கப் பின் டயர்தான். அதிலும் உள்பக்க விளிம்பு மட்டும் வழுக்கையாகிவிட, வெளிப்பக்கம் புதுசு போலவே இருந்தது. அப்பா முன்சக்கரங்களுக்கு அலைன்மெண்ட் பார்த்தார். டயரை மாற்றினார். புது டயரும் அதே இடத்தில் தேயத் தொடங்கியது. ஒருநாள் டயரையும் அதற்கு மேலிருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

தறியில் சேலைக் கரைக்கான பாவு நூல் தொய்ந்தால் மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டு இழுவையைச் சரிசெய்வது எங்கள் வீட்டு வழக்கம். அதே வைத்தியத்தைக் காருக்கும் செய்தார் அப்பா. தறியடியில் கிடந்த நாலு மணல் பைகளைக் கொண்டுவந்து டிக்கியின் வலப்பக்க மூலையில் அடுக்கினார்.

"இந்தப் பக்கம் அத்த, அந்தப் பக்கம் மணலு. செரியா பூடும்," என்றார். ஊரில் வேறு யாருக்கும் இப்படி ஒரு மூளை இருக்காது என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த ஞாயிறு, வழியில் காரை நிறுத்தச் சொல்லி அத்தை ஒரு பெரிய பூசணிக்காய் வாங்கினாள். அதை வைக்க டிக்கியைத் திறந்தவள் நின்றுவிட்டாள்.

"இன்னாடா இது? வீடு கட்டப் போறியா? மணலு ஏத்திகினு வர?"

அப்பா பைகளைத் தள்ளிப் பூசணிக்காய்க்கு இடம் பண்ண ஆரம்பித்தார். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளைக்கு வரும் அவசரம் எனக்கு வந்துவிட்டது.

"உங்க வெயிட்டுக்கு அத்த! நீங்க இந்தப் பக்கமே உக்கார்றீங்கல்ல, அதான் டயர் தேயுது. அந்தப் பக்கம் மணலு வெச்சா சமமா பூடும்னு அப்பா சொன்னாரு."

அத்தை சத்தமாகச் சிரித்தாள். சேத்துப்பட்டு போய்ச் சேரும்வரை சிரித்தாள். மகளிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளை இவ்வளவு சிரிக்கவைத்தோமே என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு அவளுக்குத் தலைவலி. அதற்கும் அடுத்த ஞாயிறு வீட்டுக்கு யாரோ வருகிறார்கள். அப்புறம் நாங்கள் கேட்பதற்கு முன்பே பஸ்ஸில் போய்விட்டு வந்துவிடுவாள். ஒருநாள் சேத்துப்பட்டு ரோடு நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸின் படியிலிருந்து அவள் இறங்குவதைக் காரிலிருந்து பார்த்தோம். ஒரு கையால் கம்பி, மறு கையால் முட்டி. கண்டக்டர் பொறுமையில்லாமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பா காரை ஓரம் கட்டினார்.

"நீ போடா. எனக்கு இங்க கொஞ்சம் வேல கீது," என்று அத்தை சிரித்த முகத்தோடு கையசைத்தாள். அன்று ராத்திரி அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் அத்தை ஏறாமலேயே கார் ஓடியது. டயர் பாட்டுக்குத் தேய்ந்துகொண்டே இருந்தது.

"அண்ணிதான் வண்டில கால் வெக்கிறதே இல்லியே. இப்ப யாரு தேய்க்கிறாங்களாம்?" என்றாள் அம்மா, அரிசி களைந்தபடியே. மறுநாள் காலை அப்பா காரை எடுத்துக்கொண்டு வேலூர் ரோட்டிலிருந்த மெக்கானிக் பாயிடம் போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

பாய் டயரை உள்ளங்கையால் தடவினார். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போனது. எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பம் போல் பிடித்தது.

"சக்கரம் கோணலா நிக்குதுங்க. உருளாம ரோட்டத் தேச்சிகினே போவுது."

"அலைன்மெண்ட் பாத்தாச்சே பாய்."

"முன்னாடி பாத்திருப்பீங்க. இந்த வண்டிக்குப் பின்னாடியும் திருத்தலாம். அதுக்குத் தனி போல்ட்டு கீது."

காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தின் நடு உயரத்தில் நைலான் நூலை இழுத்துக் கட்டினார். நூலைப் பார்த்ததும் அப்பா தன்னை அறியாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். பாய் ஸ்கேலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, "முன்விளிம்பு நூலுக்குக் கிட்ட வந்து நிக்குது பாய்," என்றார். அளந்தால் மூன்று மில்லிமீட்டர்.

அப்பா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே தணிந்த குரலில் கேட்டார். "ஒரே பக்கமா வெயிட்டான ஆளு உக்காந்தா இப்டித் தேயுமா பாய்?"

"நல்லா கேட்டீங்க போங்க. ஆளு ஏறத்தான வண்டியே செஞ்சிருக்கான்."

பாய் டிக்கியைத் திறந்தார். "இன்னாங்க இது, மணலு? எதுக்கு?"

எனக்குப் பதில் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "என் புத்திக்கு," என்றார். நாலு பைகளையும் அவரே இறக்கினார். பாய் காருக்கு அடியில் படுத்து போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினார். காரை முன்னும் பின்னும் தள்ளிவிட்டு மறுபடி அளந்தார். மூன்றாம் தடவைதான் அவருக்குத் திருப்தி.

அங்கிருந்து நேரே அத்தை வீட்டுக்கு. அப்பா இறங்கிப்போய் வாசலில் நின்றார்.

"சக்கரந்தான்க்கா கோணலா இருந்திச்சி. இவ்ளோ நாளா நான் பாக்கல. வா, வண்டி எப்டிப் போவுதுன்னு பாக்கணும்."

"அதுக்கு நான் எதுக்குடா?"

"நீ வாக்கா."

அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். யாருக்கும் கதவு திறந்துவிட்டுப் பழக்கமில்லாத அப்பா, இடப்பக்கப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

ஊர் எல்லை தாண்டியும் அவர் காரைத் திருப்பவில்லை. "பாய் கொஞ்ச தூரம் ஓட்டினா போதும்னாரேப்பா," என்றேன். கார் சேத்துப்பட்டு ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து அத்தை, "இங்க வா பாப்பா," என்றாள். முன்சீட்டைத் தாண்டிக் குதித்துப் போனேன். என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பின்னால் எடை போதவில்லை, சோதனைக்கு நானும் வேண்டியிருக்கிறது என்று நினைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவளை இந்தக் காரிலிருந்து இறக்கிவிட்டது என் வாய்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. அத்தைக்குத் தெரியும்.