தையல் டீச்சரின் அப்பச்சி

திருமயம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தபோது, பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பியவர்களில் ஒரு பெண் தையல் டீச்சராக வந்து சேர்ந்தாள். வயது முப்பதுக்குள் இருக்கும். முகம் பார்க்காமல் பேச்சை மட்டும் கேட்டால் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண் என்றே தோன்றும். முகம் பார்த்தால் சிறிய கண்கள், சப்பை மூக்கு, மஞ்சள் வெளுப்பு. அவள் அப்பா இந்த ஊர்க்காரர். ரங்கூனில் மரக்கடை வைத்திருந்தவர். அம்மா பர்மாக்காரி.

முதல் வாரமே பிள்ளைகள் அவளுக்குச் ‘சீனா டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சீனாக்காரனோடு சண்டை நடந்து ரொம்ப நாள் ஆகாத சமயம். மற்ற டீச்சர்கள் பிள்ளைகளை அதட்டவில்லை, சிரித்தார்கள். மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். உள்ளே இருந்தது வெறும் புளிச்சோறு. மறுநாளிலிருந்து அவள் தையல் மிஷின் இருந்த அறையிலேயே சாப்பிட்டாள். நானும் என் டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன்.

“அங்கன எங்கள ‘கலா’ம்பாக, டீச்சர். கடல் தாண்டி வந்த இந்தியாக்காரவுகள அப்பிடித்தான் ஏசுவாக. ஒங்க நாட்டுக்குப் போங்கன்னு வாசல்ல நின்னு கத்துவாக. சரி, நம்ம நாட்டுக்கே போயிருவோம்னு ஆத்தாளக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்” என்றாள் ஒருநாள்.

அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய அப்பா பிறகு ரங்கூன் பக்கம் போகவே இல்லை. இங்கே அவருக்கு மனைவியும் மகன்களும் இருந்தார்கள். தாயும் மகளும் வந்து இறங்கியதும் ஒரு சாயங்காலம் அவர்களுடைய வாடகை அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். தலைமையாசிரியையிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதற்குமேல் வரவில்லை. அவள் அம்மா தினமும் கன்னத்தில் சந்தனம்போல ஒரு மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் காலையில், தையல் டீச்சரின் அப்பா தவறிவிட்டார் என்று தலைமையாசிரியை என்னிடம் சொன்னார். நான் போய்ச் சொன்னதும் அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். “துணைக்கு வாரீங்களா டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள். அம்மாவுக்குத் தன் சேலை ஒன்றைக் கட்டிவிட்டு அழைத்து வந்தாள். அந்த அம்மாவுக்குச் சேலையில் நடக்கப் பழக்கமில்லை. வழியெல்லாம் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார்.

பெரிய வீட்டு வாசலில் அவருடைய மூத்த மகன் நின்றிருந்தார்.

“அண்ணே, நாங்க உள்ள வரல. ஆத்தா அப்பச்சி மொகத்த ஒரு தரம் பாத்துக்கிரட்டும்” என்றாள் இவள்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடும் அப்பச்சி என்ற சொல் காதில் விழுந்ததும் பந்தலில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரு யாருக்கு அண்ணன்? சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கு. மானத்த வாங்காம அங்கிட்டுப் போயி நில்லுங்க” என்றார் அவர், சத்தம் போடாமல்.

தெருமுனையில் போய் நின்றோம். பாடை எங்களைக் கடந்தபோது அந்த அம்மா புழுதியில் மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் பட மூன்று முறை கும்பிட்டார். அது அவர்கள் ஊர் வழக்கம். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மகள் அழவில்லை. அம்மாவைத் தூக்கி நிறுத்தி, நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள்.

கருமாதி முடிந்த கையோடு தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டார். “பெரிய வீட்டுல பிரியப்படலம்மா. பள்ளிக்கூடத்துக் கட்டடமே அவங்க கொடுத்தது. நான் என்ன செய்யட்டும்?” என்றார். அந்த மாதத்தோடு தாயும் மகளும் சென்னைக்குப் போய்விட்டார்கள்.

பின்னால் ஒரு டிரெயினிங்குக்காகச் சென்னை போனபோது, பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியிருந்த காலனியில் விசாரித்து அவளைக் கண்டுபிடித்தேன். ஒரே அறை, ஜன்னலோரம் தையல் மிஷின். அம்மா முந்தின மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தார்.

“இங்கன சுத்தி இருக்கிறவுக எல்லாம் எங்கள மாதிரிதான் டீச்சர். ஆத்தாளுக்குப் பர்மா பாஷையிலயே அழுதாக” என்றாள்.

“லீவுல ஒருதரம் ஊருக்கு வந்துட்டுப் போங்களேன்” என்றேன்.

“எந்த ஊருக்கு டீச்சர்?”

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளவே கேட்டதுபோல இருந்தது. டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு பஸ் ஸ்டாண்டு வரை வந்து, பஸ் கிளம்பும்வரை என்னோடு நின்றாள்.