வலைக்குள் விட்டுவைத்த வரிசை

1986 இலையுதிர் காலம். நானும் கணவரும் கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சனி, ஞாயிறுகளில் நாங்கள் குடியிருந்த வோபர்னில் இருந்து ஒரு வான் எங்களைப் போன்றவர்களை ஏற்றிக்கொண்டு நயாகரா பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகும். வைனுக்குப் பழம் பிடுங்கும் வேலை. விரதம் தவறாத எங்களுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள் என்று வானுக்குள் ஒரே சிரிப்பாக இருக்கும்.

எங்கள் தோட்டத்துக்காரர் ஜெர்மனியில் இருந்து வந்த முதியவர், தனிக்கட்டை. மத்தியானம் தானே சூப் காய்ச்சி, எங்களுக்கென்று இறைச்சி போடாமல் ஒரு சட்டி தனியாகக் கொண்டுவருவார். இந்த நாட்டில் எங்களை ஆட்களாக மதித்த முதல் மனிதர் அவர்தான்.

கடைசி நாள், பிடுங்கிய பழங்களை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டுவிட்டார். வான் வர நேரம் இருந்தது. தோட்டத்து ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் குருவி கொத்தாமல் போட்ட வலைக்குள் பழத்தோடு நின்றது. என் கணவர் யாழ்ப்பாணத்தில் திராட்சைப் பந்தல் வைத்திருந்த குடும்பம். பழம் கொடியில் வாடினால் அவருக்குப் பொறுக்காது.

“பாவம், வயசுபோன மனுசன். தனிய என்னெண்டு உதைப் பிடுங்கப்போறார்? நாங்கள் பிடுங்கி வைச்சிட்டுப் போவம்” என்றார்.

“ஓம், இவ்வளவு நாளும் சூப் தந்தவரெல்லே” என்று நான்தான் முதலில் வலையைத் தூக்கினேன். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பழம் மிச்சமில்லாமல் பிடுங்கினோம். பெட்டிகளை அழகாக அடுக்கிவிட்டு, அவர் முகம் மலர்வதைப் பார்க்கக் காத்திருந்தோம்.

வந்தவர் ட்ரக்கை விட்டு இறங்கி அப்படியே நின்றார். பிறகு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பழம் கொடியிலேயே பனியில் உறைந்து கல்லாக வேண்டுமாம். அதைப் பிழிந்துதான் அவருடைய தகப்பன் ஊரில் வைன் செய்வாராம். சாவதற்குள் ஒருமுறை செய்து பார்க்கத்தான் அதை விட்டுவைத்தேன் என்று மெதுவாகச் சொன்னார். கணவர் மன்னிப்புக் கேட்க, “நன்றாகத்தான் பிடுங்கியிருக்கிறீர்கள்” என்று அவர் தோளில் தட்டினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

அடுத்த வருடமும் போனோம். எங்கும் வலையைக் காணவில்லை. கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இனிக் குளிருக்குள் நின்று காத்திருக்க உடம்பு கேட்காது என்று சொல்லிவிட்டு, அவர் சூப் சட்டியை எங்கள் பக்கம் தள்ளிவைத்தார்.

இன்றும் யாருக்காவது கேட்காமல் உதவி செய்ய என் கை நீளும்போது, நாங்கள் அன்பாக மொட்டையடித்த அந்த வரிசைதான் என்னைத் தடுத்து நிறுத்துகிறது.