பெயின்ற் அடித்துக் கொடுத்த பழுதுச் சில்லு

பிள்ளைகளே,

வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டிலில் எத்தனையோ லொறிச் சில்லுகளைத் திருத்தியிருக்கிறேன். அவற்றைப் பற்றி நீங்கள் கேட்டபோதெல்லாம் பெருமையாகத்தான் சொன்னேன். நான் திருத்தாத ஒரு சில்லைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. உங்களில் யாராவது இந்தத் தொழிலுக்கு வருவதாக இருந்தால் இதை வாசித்துவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்து, புதுச் சில்லு கிடைக்காத காலம் அது. நெளிந்ததைத் தட்டி நிமிர்த்துவோம். நட் இளகிய சில்லோடு லொறி ஓடினால், அதைப் பூட்டும் ஸ்டட் ஆணிகளின் ஓட்டைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்துவிடும். வெல்டிங்கால் நிரப்பி, லேத்தில் பிடித்துச் சமன் செய்து, புதிதாக ஓட்டை போடுவோம். கடைசியில் சிவப்புப் பெயின்ற் ஒரு பூச்சு. வாவிக் காற்றில் வெறும் இரும்பு இரண்டு நாளில் துரு ஏறும். அந்தச் சிவப்பைக் கண்டால் எந்த ட்றைவரும் அது என் வேலை என்று சொல்லுவான்.

வவுணதீவுப் பக்கம் சொந்த லொறியில் நெல் ஏற்றிய கணபதிப்பிள்ளை ஒருநாள் இரண்டு சில்லுகளைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்றில் ஓட்டைகள்தான் தேய்ந்திருந்தன. மற்றதைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் பூசித் துடைத்து, சோக்குத் தூள் தடவினேன். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடு காட்டும். கோடு ஓர் ஓட்டையிலிருந்து அடுத்ததற்கும், அதிலிருந்து அடுத்ததற்குமாக அரைவட்டம் ஓடியிருந்தது.

“இது சரிவராது தம்பி. ஒட்டினாலும் பக்கத்தால வெடிக்கும்.”

“என்ன அண்ணன் இப்பிடிச் சொல்றீங்க? வட்டை வயலுக்குள்ள நெல்லு மூட மூடயாக் கிடக்கு. மழ வந்தா முளச்சிரும். கொஞ்சம் தடிப்பா, மொத்தமா ஒட்டி விடுங்களன்.”

“மொத்தமா ஒட்டினா மொத்தமா உடையும்.”

“உங்கட வாயில நல்ல சொல்லே வராதா?” என்று சிரித்தார். ஆனால் முகம் வாடிப் போய் எண்ணெய்த் தகரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

நான் மசியவில்லை. அதுவரை செய்தது சரி. பிறகு செய்ததுதான் பிழை. பின்னேரம் வரை காத்திருந்த மனுசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திருத்திய சில்லுக்குப் பெயின்ற் அடித்தபின் தகரத்தில் மிச்சம் கிடந்தது. பழுதுச் சில்லுக்கும் அடித்தேன்.

“உதவாதெண்டீங்க. மறுகா ஏன் அண்ணன் மாப்பிள்ள மாதிரிச் சோடிக்கிறீங்க?”

“துருப் பிடிக்கும் தம்பி. லொறியில மட்டும் போட்டிராத.”

“ஓம், ஓம்.”

கொஞ்ச நாளில் கணபதிப்பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருடைய தங்கையின் கணவர் சதாசிவம் லொறியை எடுத்தார். வாவியில் வலை வீசுவது அவருடைய தொழில். கூப்பிட்டால் லொறியும் ஓட்டுவார். முன்சில்லு ஒன்று காற்றுப் போக, கணபதிப்பிள்ளை வீட்டுக் கொட்டிலில் சாத்தியிருந்த சிவப்புச் சில்லில் டயரை ஏற்றிப் பூட்டியிருக்கிறார். நெல் மூட்டைகளோடு வளைவில் திரும்பும்போது சில்லின் நடுப்பகுதி நட்டுகளோடு நின்றுவிட, மற்றது கழன்று ஓடியது. லொறி வாய்க்காலுக்குள் சரிந்தது. சதாசிவத்தின் நசிந்த வலது காலை ஆசுபத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். கட்டிலருகே அவர் மனைவி இருந்தார்.

“உங்கட சிவப்பக் கண்டுதான் அண்ணன் போட்டன். சுரண்டிக்கூடப் பார்க்கல்ல,” என்றார் சதாசிவம்.

“அது நான் செய்த சில்லு இல்ல தம்பி. பழுதெண்டு குடுத்தது. பெயின்ற் மட்டும்தான் அடிச்சன்.”

“அப்ப பெயின்ற்றுக்கா அண்ணன் என்ட கால் போனது?” என்று சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. “ஒத்தக் கால்ல நிண்டு வாவிக்குள்ள எப்பிடி வல வீசுற? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க அண்ணன்.”



உடைந்த சில்லை மச்சானுக்குக் கொடுத்தவன் என்று ஊர் கணபதிப்பிள்ளையைத்தான் ஏசியது. அவர் என் பெயரைச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். கேளாதவர்களிடம் நானாகப் போய்ச் சொல்லவில்லை. அதுவும் என் பிழைதான்.

பழுது என்று நான் சொன்னது ஒருவருடைய காதுக்கு மட்டும். அவர் படுத்ததும் அந்தச் சொல்லும் படுத்துவிட்டது. உதவாத சில்லை வெட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும், சொந்தக்காரர் கோபித்தாலும். இதைப் படிக்க எனக்கு இன்னொருவருடைய கால் தேவைப்பட்டது.

ஆசுபத்திரிக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறு அம்மா உங்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போனா. நான் ஒரு மாட்டுவண்டி கேட்டு வாங்கிப் போய், வாய்க்கால் புல்லுக்குள் கிடந்த அந்தச் சில்லை ஏற்றி வந்தேன். வைஸ் இடுக்கியில் இறுக்கினேன். வெட்டுவதற்குக் காஸ் கட்டர் இருந்தது, எடுக்கவில்லை. இரும்பு அரியும் கைவாளால் அரியத் தொடங்கினேன். வாளின் அலகு இரண்டு முறிந்தது. நடு இல்லாத சில்லு, இனி எந்த லொறியிலும் ஏறாது. என்றாலும் இரண்டு துண்டாகி நிலத்தில் விழும்வரை அரிந்தேன்.