காரில் ஏறிய கலயம்

தூத்துக்குடிக்கு வந்து பழைய ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும், கடற்கரைச் சாலை ஓட்டல் மானேஜர் வீரபாகுவுக்குத்தான் ஆள் அனுப்புவார். வீரபாகு உடன்குடிப் பக்கத்துக்காரர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு லாரியில் கிளீனராக ஏறியவர், எப்படியோ பாடுபட்டு ஒரு பழைய அம்பாசடர் காருக்குச் சொந்தக்காரர் ஆகியிருந்தார். சவாரி கூட்டிப்போன இடத்தில் மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். இவர் இறங்கிப் போய் விசாரிப்பார். காயல்பட்டினத்துப் பள்ளிவாசல் மையவாடியில் கல்லறைக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது, மணப்பாட்டுக் குன்றின்மேல் சிலுவை எப்போது வந்தது, கொற்கையில் உழுதால் ஏன் சங்குத் துண்டு கிளம்புகிறது என்று கேட்டுக் கேட்டு மனதில் வைத்துக்கொள்வார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். அதனாலேயே அவர் சொன்னதை ஜனங்கள் நம்பினார்கள்.

1976 ஆடி மாதம் அவர் காரில் ஏறியவர் தாணுலிங்கம். பிறந்தது நாகர்கோவில், மதராசில் பெரிய மரக்கடை. ஓட்டல் மானேஜரே கதவைத் திறந்துவிட்டு, “டெல்லி மினிஸ்டர் வரைக்கும் பழக்கம் உள்ளவரு. பாத்துக் கூட்டிட்டுப் போ” என்று வீரபாகுவின் காதில் சொன்னார்.

கொற்கையில் தாணுலிங்கம் காரை விட்டு இறங்கவே இல்லை. “குளமும் வயலும்தானே இருக்கு? இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று கொட்டாவி விட்டார். பாண்டியர் காலத்தில் முத்து வியாபாரம் நடந்த துறை இது, கடல் பின்வாங்கிப் போய்விட்டது என்று வீரபாகு சொன்னது எதுவும் எடுபடவில்லை. வீரபாகுவுக்குச் சுருக்கென்றது. இந்த ஆளை வாய் பிளக்க வைக்க வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது.

அந்த வீம்பில்தான் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேட்டில், இதுவரை எந்தச் சவாரிக்கும் காட்டாத இடத்தைக் காட்டினார். யாரோ சரள் மண் வெட்டியதில் ஒரு முதுமக்கள் தாழியின் வாய் திறந்து கிடந்தது. உள்ளே மண்ணோடு எலும்பு. அதன்மேல் உள்ளங்கை அகலத்தில், பளபளவென்று கறுப்பு நிறத்தில் ஒரு கலயம். “எத்தனை ஆயிரம் வருசமோ, நமக்குத் தெரியாது சார். அந்த ஆளுக்குப் பசிக்கும்னு யாரோ வச்சிருக்காங்க.” தாணுலிங்கம் குனிந்தவர் நிமிரவில்லை. வீரபாகுவுக்கு மனம் குளிர்ந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க வாய்க்காலுக்குப் போனார். திரும்பி வந்தபோது தாணுலிங்கம் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

“சீக்கிரம் எடு. சாயங்கால ரயிலைப் பிடிக்கணும்.”

இரண்டு மைல் போனதும் ஒரு பள்ளத்தில் கார் குதித்தது. பின்சீட்டில் ‘டங்’கென்று மண்பாண்டத்தின் சத்தம். வீரபாகு கண்ணாடியில் பார்த்தார். தாணுலிங்கம் தோல்பையை மடியோடு அணைத்திருந்தார். விரல் நகங்களில் செம்மண்.

வீரபாகு காரை ஓரங்கட்டிச் சாவியை உருவிக்கொண்டார்.

“சார், அதை எடுத்த இடத்துல வச்சிட்டு வந்திருவோம்.”

“எதை?”

“பையில இருக்கதை.”

தாணுலிங்கம் அதட்டவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். “இப்ப எமர்ஜென்சி, தெரியும்ல? ஒரு போன் போட்டா உன் பெர்மிட் போயிரும். ஏன்னு கேக்காமலே உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. சாவியைப் போடு.”

வீரபாகுவுக்கு மனைவி பேச்சித்தாயின் முகம் கண்முன் வந்தது. அப்போது எதிரே மண்வெட்டியும் கையுமாக ஏழெட்டு பேர் வயலிலிருந்து வந்தார்கள். முன்னால் வந்த ஆறுமுகநயினார் பழகியவர்.

“என்ன வீரபாகு, வண்டி மக்கர் பண்ணுதா?”

தாணுலிங்கத்தின் முகம் வெளுத்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கூட்டம் அவரை வெளியே இழுத்துப் போட்டிருக்கும். வீரபாகு கண்ணாடியில் அவரையே பார்த்தபடி சொன்னார்.

“இல்ல அண்ணாச்சி. சார் ஒரு சாமானை மறந்துட்டாரு. திரும்பிப் போறோம்.”

கார் திரும்பியதும் தாணுலிங்கம் பையிலிருந்து கலயத்தை எடுத்து முன்சீட்டில் வைத்தார்.

திறந்த தாழியில் வைத்தால் நாளைக்கு வேறொருவன் எடுப்பான் என்று தோன்ற, வீரபாகு கலயத்தைத் துண்டில் ஏந்திக் கிராம முன்சீப் வீட்டுக்குப் போனார். முன்சீப் காகிதத்தை எடுத்தார்.

“எடுத்தது யாருவே?”

வாசலில் கார் நின்றது. உள்ளே தாணுலிங்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“நான்தான் இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். என் வண்டியிலதான் வந்தது. என் பேரை எழுதுங்க.”

தாணுலிங்கத்தை ரயிலுக்கு நேரத்தில் கொண்டுவிட்டார்.

முன்சீப் எழுதி அனுப்பிய காகிதத்தைப் பார்த்து நான்காம் நாள் போலீஸ் வந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்து, இதற்கு முன் எத்தனை எடுத்து விற்றாய் என்று கேட்டார்கள். பேச்சித்தாய் வெளியே வேப்பமரத்தடியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றாள். கடைசியில் முன்சீப்பே பஸ் ஏறி வந்து, “திருடுனவன் எங்கையா கொண்டாந்து குடுப்பான்?” என்று சத்தம் போட்ட பிறகுதான் விட்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள். “அந்த ஆளு பேரைச் சொன்னா என்னவாம் உமக்கு?”

“சொல்லியிருக்கலாம். பயம்தான். ஆனா அது மட்டுமில்ல ஏளா. பெரிய மனுசன் மெச்சணும்னு நான் காட்டாட்டி அவன் கை நீண்டிருக்குமா?”



ஓட்டல் மானேஜர் அதற்குப் பிறகு ஆள் அனுப்பவில்லை. எட்டு மாதம் வீரபாகு துறைமுக வாசலில் நின்று கிடைத்த சவாரியை ஓட்டினார். அடுத்த சித்திரையில் சாயர்புரம் கல்லூரி ஆசிரியர் கிருபாநிதி வந்து, மாணவர்களை ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார்.

“வாரேன் சார். ஆனா இறங்குமுன்ன எல்லாப் பையையும் வண்டியிலேயே வச்சிரணும். அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க” என்றார் வீரபாகு.

கிருபாநிதி சம்மதித்தார்.